நான் எழுதாமல் விட்ட மார்ச் இருபது

முடியாது, மகனே. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். என் கடிதத்தைப் பிரித்ததும் நீ அதைத்தான் தேடுவாய். உன் கடிதம் நேற்று மதியத் தபாலில் வந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தைத் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன், தாண்டவில்லை. "கல்யாணத்தன்று மட்டும் படிப்பகத்துப் பலகையில் எதையும் எழுத வேண்டாம், அப்பா. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் 'மணமக்களை வாழ்த்துவோம்' என்று எழுதுங்கள். பாங்க் மேனேஜர் வருகிறார், கூட வேலை செய்கிறவர்கள் வருகிறார்கள். அம்மாவின் குழாய்ச் சண்டையை அவர்கள் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "கொழாச் சண்டைன்னா எழுதிக்கீறான்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள். உன்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

கல்யாணத் தேதியை நாங்கள் குறிக்கவில்லை. பெண் வீட்டார் பஞ்சாங்கம் பார்த்து, பங்குனியில் நல்ல திங்கட்கிழமையாக ஒன்றைப் பிடித்து அனுப்பினார்கள். மார்ச் இருபது. அந்தத் தாளை வாங்கித் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொங்கலுக்கு நீ சேலத்திலிருந்து வந்திருந்தபோது, "அன்றைக்குப் பலகையில் அம்மா பேரை எழுதப்போகிறேன்" என்று சொன்னேன். நீ சிரித்துவிட்டுப் போனாய். விளையாட்டு என்று நினைத்திருக்கிறாய். சேலம் திரும்பிய பிறகுதான் பயம் பிடித்திருக்கிறது. பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உன்னைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி உன் அப்பன். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

பலகையை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய் என்று நினைப்பாய். இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்து, நான் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் அதற்கு ஆரம்பம். அது 1964. அதுவரை நானும் என் அப்பாவும் பெரிய வீட்டு நிலத்தில் ஏர் பிடித்தவர்கள். சேர்ந்த சில நாளிலேயே பொங்கல் வந்தது, கம்பெனியில் ஒரு தினக் காலண்டர் கொடுத்தார்கள். நம் வீட்டுச் சுவரில் ஏறிய முதல் காலண்டர் அதுதான். தினமும் ஒரு தாளைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாளையே கசக்கி எறிவதா? கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்தத் தேதியில் உலகத்தில் முன்பு என்ன நடந்தது என்று தெரிந்தால் அதில் எழுதி, கடையில் ரசீது குத்துவார்களே அந்த மாதிரிக் கம்பியில் குத்திவைத்தேன். பூந்தமல்லி நூலகத்து ஆண்டு மலர், வடை மடித்து வந்த பேப்பர், யூனியன் கூட்டத்துப் பேச்சு, எது கிடைத்தாலும் எழுதுவேன். அது லீப் வருஷம், ஆகவே முந்நூற்று அறுபத்தாறு தாள். மறு வருஷத்திலிருந்து தினமும் விடிந்ததும் அன்றைய தாளைக் கம்பியிலிருந்து உருவி, வீட்டில் ஒரு முறை உரக்கப் படித்துவிட்டு, சைக்கிளில் வேலைக்குப் போகிற வழியில் படிப்பகத்துப் பலகையில் 'இதே நாளில்' என்று தலைப்புப் போட்டு எழுதுவேன். கோவையிலைச் சாறும் கரியும் பூசின பலகை. எழுத்து பளிச்சென்று விழும். பாரிவாக்கம் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். எனக்குப் 'பலகை வாத்தியார்' என்று பேர் வந்தது. அந்தப் பேரில் எனக்கு எத்தனை கர்வம் இருந்தது என்று உனக்குத் தெரியாது.

மார்ச் இருபதின் தாளில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, 1956-இல் துனிசியா பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து விடுதலை பெற்றது. இது ஆண்டு மலரில் கிடைத்தது. மற்றது 1966 கடைசியில் தாளில் சேர்த்தது, ஆவடியில் வேலை பார்த்த நாக்பூர்க்காரர் ஒருவர் சொன்னது. எங்கள் யூனியன் கூட்டத்துக்கு வருவார். பாதி இந்தி, பாதி தமிழ், மீதி கை ஜாடை. மராட்டியப் பக்கம் மகாட் என்று ஓர் ஊர். அங்கே ஒரு குளம். எல்லோருக்கும் பொது என்று நகராட்சி தீர்மானம் போட்ட பிறகும் நம்மைப் போன்றவர்களை அதில் இறங்க விடவில்லை. 1927 மார்ச் இருபதாம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக நடந்து போய், குளத்தில் இறங்கி, கையால் அள்ளித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு அடி வாங்கினார்கள். குளத்தையும் மற்றவர்கள் தீட்டுக் கழித்தார்கள். இதைச் சொல்லும்போது அந்த மனிதர் இரண்டு கையையும் சேர்த்து நிஜமாகவே குடிக்கிற மாதிரி காட்டினார். நான் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். எனக்குத் தேதிதான் முக்கியமாகப் பட்டது.

இனி 1967-க்கு வருகிறேன். சென்னையில் ஆட்சி மாறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. கம்பெனியில் எல்லாரும் மீசையை முறுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். ஊருக்குள் ஒன்றும் மாறவில்லை. உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நம் காலனிக் கிணறு அந்த வருஷம் மாசியிலேயே சேறாகிவிட்டது. பஞ்சாயத்துக் குழாய் பெரிய தெருவில், கோயிலுக்கு முன்னால் இருந்தது. குழாயை நம் பெண்கள் தொடக் கூடாது. பத்தடி தள்ளிப் பூவரச மரத்தடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்க வேண்டும். பெரிய தெருப் பெண்கள் தங்களுக்குப் பிடித்த பிறகு, மனசு வந்தால், தங்கள் குடத்திலிருந்து நம் குடத்தில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குழாயில் காலை பத்து மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். இதெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் உனக்குக் காய்ச்சல் வந்தது மட்டும்தான் நினைவிருக்கும். டைபாய்டு. பூந்தமல்லி டாக்டர், "நல்ல தண்ணியா காய்ச்சி ஆற வெச்சுக் குடுத்துக்கினே இருங்க, இல்லன்னா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டார். பத்து நாள் நீ கண்ணைத் திறக்காமல் கிடந்தாய்.

அன்று திங்கட்கிழமை. விடிந்ததும் தாளை உருவிப் படித்தேன். நீ பக்கத்தில் பாயில் கிடந்தாய், அம்மா உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். துனிசியாவைப் படித்தபோது அவள் கவனிக்கவில்லை. மகாட்டைப் படித்ததும் திரும்பினாள். "திரும்பப் படி," என்றாள். படித்தேன். "பொம்பளைங்க போனாங்களா?" என்று கேட்டாள். போயிருப்பார்கள் என்றேன். "இன்னிக்கித் தேதியிலயா?" என்றாள். "இன்றைக்குத் தேதியிலதான், நாற்பது வருஷத்துக்கு முன்னால்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பலகையில் அழகாக எழுதினேன். மகாட் என்ற எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். பிறகு சைக்கிளை மிதித்து வேலைக்குப் போய்விட்டேன். எனக்கு அது செய்தி. பலகையில் எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் செய்யக்கூடிய தப்பு அது, உன் அம்மா அதைச் செய்யவில்லை.

அவள் ஏழு மணியிலிருந்து பூவரச மரத்தடியில் நின்றிருக்கிறாள். எட்டு, ஒன்பது, ஒன்பதரை. அன்றைக்கு யாருக்கும் மனசு வரவில்லை. பக்கத்தில் நின்ற கன்னியம்மாதான் பிறகு எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். குழாயில் தண்ணீர் குறைந்து சன்னமாகத் தொடங்கியதும் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நடந்தாளாம். குழாயடியில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, "இன்னாடி, கொழால கைய வெக்கிற?" என்று கத்தினாளாம். அம்மா குழாயைத் திறந்துவிட்டு, குடம் நிறைகிற வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே, "கவர்மெண்டு கொழாதான? எம்புள்ளைக்கு ஜொரம். நீ ஊத்தற வரைக்கும் அது காத்துக்கினு கெடக்குமா?" என்றாளாம். அவ்வளவுதான் பேச்சு. கையை ஓங்கவில்லை, யார் தலைமுடியையும் பிடிக்கவில்லை. குடம் நிறைந்ததும் குழாயை மூடிவிட்டு வந்தாள். மூடிவிட்டு வந்தாள் என்பதைக் கன்னியம்மா இரண்டு முறை சொன்னாள். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றி உனக்கு வாயில் விட்டாள். நீ குடித்தாய். இதுதான் நீ சொல்கிற குழாய்ச் சண்டை.

சாயங்காலம் நான் வந்தபோது குழாயைப் புளி போட்டுத் தேய்த்து மஞ்சள் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பெரிய வீட்டு ஆள் படிப்பக வாசலில் எனக்காக நின்றிருந்தான். பொண்டாட்டியோடு வந்து பெரியவரைப் பார்க்க வேண்டுமாம். வராவிட்டால் வரப்பு வழியை மூடிவிடுவார்களாம். நம் காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக அவர்கள் நிலத்து வரப்பைத் தவிர வேறு வழி அன்று கிடையாது. அதை அடைத்தால் ஏரிக்கரையைச் சுற்றிப் போக வேண்டும், வேலைக்குப் போகிற அத்தனை பேருக்கும் பஸ் தப்பிவிடும். எல்லோருக்காகவும்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு வரை அதை யாரிடமாவது சொன்னால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் நான் பயந்தது ஊருக்காக அல்ல. அது எனக்குத் தெரியும்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றேன். யூனியன் கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசுகிற அதே ஆள்தான். அம்மா என் பின்னால் நின்றாள். "இன்னா பலகை வாத்தியாரே, ஊட்டுக்காரிக்கும் பாடம் நடத்திக்கினு கீறியா?" என்று பெரியவர் கேட்டார். நான் சொன்ன பதிலை இந்தப் பதினொரு வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. உனக்குச் சொல்கிறேன். "அதெல்லாம் இல்லீங்க. அவளுக்குப் படிப்பறிவு இல்ல. புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்ற ஆத்திரத்துல தெரியாம கைய வெச்சிட்டா. ஏதோ பொம்பளைங்க சண்டைங்க, பெரிசா எடுத்துக்காதீங்க," என்றேன். "அப்ப பலகைல கொளம், எறங்கினாங்கன்னு எழுதிக்கீறியாமே?" என்றார். "அழிச்சுடறேங்க," என்றேன். அவர் திருப்தியாகத் தலையை ஆட்டினார். அவருக்கும் அதுதான் வசதி. தெரிந்தே ஒருத்தி குழாயைத் தொட்டாள் என்றால் அவருக்குப் பிரச்சினை. தெரியாமல் சண்டை போட்டாள் என்றால் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தம். குழாய்ச் சண்டை என்ற பேரை உன் அம்மாவுக்கு வைத்தது பெரிய வீட்டுக்காரர் அல்ல, ஊர் அல்ல. நான் வைத்தேன்.

திரும்பி வரும் வழியில் படிப்பகத்தில் நின்று ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன். அம்மா ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் கேட்டாள். "தெரியாமயா செஞ்சேன்? நீ படிச்சுக் காட்டித்தான செஞ்சேன்." நான் துணியைப் பிழிந்து போட்டுவிட்டு நடந்தேன். வீட்டு வாசல் வந்ததும் இன்னொன்று சொன்னாள். "மன்னிப்புக் கேட்டது உன் வாயி. கொழாத் தொறக்கறது என் கையி. நாளைக்கும் போவேன்." சொன்னபடியே போனாள். மறுநாள் அவள் பின்னால் ஐந்து குடம் போனது. கன்னியம்மா, இருசம்மா, பட்டு, லோகநாயகி, ராணி. வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். எட்டு நாள் நாங்கள் ஏரிக்கரையைச் சுற்றி நடந்தோம். எட்டாம் நாள் முள்ளை அவர்களே எடுத்தார்கள், நெல் முற்றிக் கிடந்தது, அறுக்க ஆள் வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் குழாயடியில் யாருக்கும் யாரும் உயரத்திலிருந்து ஊற்றியதில்லை. நான் கேட்ட மன்னிப்பு எட்டு நாளில் யாருக்கும் வேண்டாததாகப் போயிற்று. எனக்கு மட்டும் போகவில்லை.

நீ தேறிப் பள்ளிக்கூடம் போனாய். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, பையை வீசிவிட்டு உள்ளே வந்தாய். "கொழாச் சண்டைக்காரி புள்ள" என்று பையன்கள் கூப்பிட்டார்களாம். அழுதுகொண்டே அந்தக் குடத்தை எட்டி உதைத்தாய். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது, அதன் வயிற்றில் இன்னும் அந்த நெளிவு இருக்கிறது, வந்தால் பார். "நீ இன்னாத்துக்குச் சண்டை போட்ட?" என்று அம்மாவைக் கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். இப்போதாவது சொல் என்று ஓர் இடம் கொடுத்தாள். நான் பேப்பரைக் கையில் வைத்திருந்தேன். அதை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். மாட்டுக் கொட்டகையில் பெரியவருக்குப் பயந்தேன், சரி. வீட்டுக்குள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏன் பயந்தேன்? நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாயோ என்றுதான். என் மரியாதையைக் காப்பாற்ற உன் அம்மாவின் மரியாதையைச் செலவழித்தேன். அன்று உன் மனதில் விழுந்த வெட்கம்தான் இன்று வயது இருபத்து மூன்றாகி எனக்குக் கடிதம் எழுதுகிறது. அது உன் வெட்கம் இல்லை, மகனே. என்னுடையது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு வந்த மார்ச் இருபதுகளில் பலகையில் என்ன எழுதினேன் தெரியுமா? துனிசியா. வருஷா வருஷம் துனிசியா. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிழக்கா மேற்கா என்று தெரியாது, ஆனால் எப்போது விடுதலை பெற்றது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். கீழவெண்மணியில் நடந்ததை மறு வருஷம் டிசம்பர் இருபத்தைந்தில் எழுதினேன், கண் கலங்க எழுதினேன், யாரும் அழிக்கச் சொல்லவில்லை. அதுவும் தூரத்து ஊர்தான். தூரத்து ஊர்களுக்காகக் கோபப்படுவதில் உன் அப்பன் சூரன். நெருக்கடிநிலை வந்தது. கண்டதையும் எழுதக் கூடாது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்தக் காலம் முழுக்க நல்ல நேரமும் ராகு காலமும் மட்டும் எழுதினேன். படிக்கிறவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

போன வருஷம் மார்ச் இருபது ஞாயிற்றுக்கிழமை. தேர்தல் முடிந்து ஓட்டு எண்ண ஆரம்பித்த நாள். காலையிலிருந்தே படிப்பகத்து ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. ராகு காலத்தை அழித்துவிட்டு, துனிசியாவை எழுதி, அதன் கீழே பத்து வருஷத்துக்குப் பிறகு மகாட்டையும் எழுதினேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்பு முன்னால் இருந்தாள். "இன்னிக்கித் தேதி இன்னா?" என்று கேட்டாள். இருபது என்றேன். "பலகைல இன்னா எழுதின?" சொன்னேன். "நம்முளுது எழுதினியா?" என்றாள். அவளுக்குத் தேதி நினைவிருக்கும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. "துனிசியா எம்மாந் தூரம்?" என்று கேட்டாள். ரொம்ப தூரம், கடல் தாண்டிப் போக வேண்டும் என்றேன். "அங்க நடந்தது தெரியுது. தெருமுனையில நடந்தது தெரியல," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. பத்து வருஷமாக ஒவ்வொரு மார்ச் இருபதும் நான் பலகை எழுதிவிட்டு வரும்போது அவள் இதற்காகக் காத்திருந்திருக்கிறாள். அன்று ஊரே ரேடியோவில் காதை வைத்துக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலம் கம்பியிலிருந்து மார்ச் இருபதின் தாளை எடுத்தேன். பதின்மூன்று வருஷத்துப் பழுப்பு. மகாட்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் உன் அம்மா செய்ததை எழுதினேன். இனி அது பலகைக்கு வர வேண்டும். நல்ல வேளையாக உன் கல்யாணம் அதே தேதியில் வந்து விழுந்தது. தெருவிலேயே பந்தல், பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் பலகையைத் தாண்டித்தான் வர வேண்டும். உன் மேனேஜரும்தான். அவர் படிக்கட்டும். படித்துவிட்டு உன்னைப் பற்றிக் குறைவாக நினைத்தால், அவர் கீழே வேலை பார், ஆனால் அவர் நினைப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதே. உன்னைப் பெற்றவள் யார் என்று மறைத்துத்தான் உனக்கு மரியாதை கிடைக்கும் என்றால், அந்த மரியாதை சேலத்திலேயே இருக்கட்டும்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. யார் முன்னாலும், எந்தப் பயத்திலும், உன் மனைவியைப் பற்றி 'அவளுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லாதே. அந்த நிமிஷத்துக்கு அது தப்பித்துக்கொள்ள நல்ல வழியாக இருக்கும். உன் மானமும் பிழைக்கும், எதிரில் நிற்கிறவனும் சமாதானமாவான். பிறகு அவள் உனக்குச் சோறு போடுவாள், துணி துவைப்பாள், பிள்ளை வளர்ப்பாள், நீ சொன்னதை மட்டும் மறக்க மாட்டாள். பதினொரு வருஷமாக நான் அந்த வீட்டில் குடியிருக்கிறேன். உனக்குப் பயம் வந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். அவளை முன்னால் தள்ளி அவள் பின்னால் ஒளிந்துகொள்ளாதே.

இதுவரை எழுதியதை இன்று காலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாட்டுக் கொட்டகை வந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினேன். அவள் முழுவதையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், இல்லை. "பலகைல என் பேர மட்டும் போடாத. மறுநாள் வந்தவங்க அஞ்சு பேரு பேரையும் போடு," என்றாள். அத்தனைக்கும் இடம் பத்தாது என்றேன். "பத்தலன்னா துனிசியாவ எடுத்துடு," என்றாள். ஆகவே இந்த வருஷம் துனிசியா கிடையாது. 'இதே நாளில்' என்று தலைப்பு. முதல் வரி மகாட். இரண்டாவது வரி, 'நம் ஊர் பெரிய தெருப் பொதுக் குழாயைத் தனபாக்கியம் தன் கையால் திறந்தாள்.' கீழே அந்த ஐந்து பேர். தெரிந்தே திறந்தாள் என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டேன். "சேரு," என்றாள்.

அதோடு விட்டிருந்தால் அவள் உன் அம்மா இல்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் உனக்கு நலங்கு வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோமே, அந்தத் தண்ணீரை மேளத்தோடு போய்க் குடத்தில் எடுத்து வர வேண்டும். இப்போது நம் காலனியிலேயே இரண்டு குழாய் இருக்கிறது, வாசலிலேயே பிடித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றுவிட்டாள். மேளக்காரரிடம் நேற்றே பேசியாகிவிட்டது. பெரிய தெருவுக்குத்தான் போகிறோம். கன்னியம்மா, இருசம்மா எல்லாரும் வருகிறார்கள். கோயிலுக்கு முன்னால், அதே குழாயில், அந்த நெளிந்த குடத்தில்தான் பிடிக்கப்போகிறாள். நானும் கூடப் போகிறேன், துண்டு தோளில் இருக்கும். "அவன் இன்னா சொல்லுவான்னு கேட்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "கேக்க வேணாம். வந்து குந்தச் சொல்லு, போதும்," என்றாள்.

ஆகவே வந்து மணையில் உட்கார். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் கண்ணைத் திறக்காமல் குடித்தாய். இந்த முறை உன் மேனேஜருக்கு முன்னால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவள் ஊற்றும்போது தலையில் வாங்கிக்கொள்.

பலகையை இன்னும் விடாத,
உன் அப்பா